மாப்பிள்ளை கொடுத்த அளவு

ஜூன் 4

அண்ணா,

பார்சல் பத்திரமாக வந்து சேர்ந்தது. போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நீ லேத் சத்தத்துக்கு நடுவே "ஆங்? ஆங்?" என்பாய், நான் தொண்டை கிழியக் கத்துவேன், பக்கத்து அறையில் இவர் காதைத் தீட்டிக்கொண்டு அத்தனையும் கேட்பார். அதனால் எழுதுகிறேன். இனி பார்சல் போகும்போதும் வரும்போதும் கடிதமும் போகட்டும். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

நேற்று இவர் பேக்டரியிலிருந்து கையில் ஒரு துண்டு ஷாஃப்ட்டோடு வந்தார். சாப்பாட்டு மேஜையில் தட்டை நகர்த்திவிட்டு, நீ அனுப்பிய பச்சை நைலான் புஷ் வளையங்களில் ஒன்றை அந்த இரும்புத் தண்டில் மாட்டி ஆட்டினார். லொட லொட என்றது. குழந்தை கிலுகிலுப்பை என்று நினைத்துக் கையை நீட்டியது. இவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

"கன்மெட்டல் புஷ்னா எப்படி உக்காரும் தெரியுமா? நடுவுல வெளிச்சமே தெரியாது. இது என்ன, வாளிக்குள்ள விரலை விட்ட மாதிரி இருக்கு! உங்க அண்ணன் அளவு பாக்கற வெர்னியரை எப்பவாச்சும் கண்ணால பாத்திருக்காரா?"

பாட்டில் லைனில் வரிசையாக ரோலர்கள், ஒவ்வொரு ரோலரின் ஷாஃப்ட்டும் ஒரு புஷ்ஷுக்குள் சுழல்கிறது, அது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது இது. இதுவரை இருந்த கன்மெட்டல் வெண்கலப் புஷ்ஷுக்கு ஷிப்ட்டுக்கு ஒரு தடவை கிரீஸ் வைக்க வேண்டும். அந்தக் கிரீஸ் சொட்டுச் சொட்டாகக் கழுவிய பால் பாட்டிலுக்குள் விழுந்து, பால் வாங்கியவர்கள் பாட்டிலோடு வந்து வாசலில் நின்றார்கள். இவர்தான் மேனேஜரிடம் போய், "கிரீஸே வேண்டாம் சார், எண்ணெயை உள்ளுக்குள்ளயே வெச்ச நைலான் புஷ் இருக்கு, என் பொண்டாட்டியோட அண்ணன் பண்றாரு" என்று சொல்லியிருக்கிறார். "உங்க பேச்சை நம்பி ஒரு லைனுக்குப் போடுறேன். ஓடலைன்னா உங்க வேலையைப் பத்தி நான் யோசிக்க வேண்டி வரும்" என்றாராம் மேனேஜர். இவர் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை என்பதை மறந்துவிடாதே.

ஆக, இவர் சொல்லச் சொன்னது: எல்லாவற்றையும் கன்மெட்டல் மாதிரி இறுக்கமாகச் செய்து அனுப்ப வேண்டும். அளவு எழுதிய சீட்டு இதோடு இருக்கிறது.

இதை அவரே உனக்கு எழுதலாம்தான். போன வருஷம் நீ இத்தனை பேர் முன்னால் "மாப்பிள்ளை, ஸ்பேனரைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க" என்றதிலிருந்து அவர் உன்னோடு பேசுவதில்லை. இனி மாப்பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன் என்று அன்றைக்கு அம்மா உன்னிடம் வாங்கிய சத்தியத்துக்குப் பிறகு நீயும் அவரிடம் வாயைத் திறப்பதில்லை. இரண்டு ஆண்பிள்ளைகளும் விறைத்துக்கொண்டு நிற்கிறீர்கள், புஷ் அளவு பேச நான் வேண்டியிருக்கிறது. எனக்கு இது தேவையா?

தங்கை

*

ஜூன் 9

வாலு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். பிறகு இன்னொரு டம்ளர் குடித்தேன். அப்படியும் ஆறவில்லை.

அந்த புஷ் லொட லொட என்று ஆடத்தான் வேண்டும். ஆடாவிட்டால்தான் தப்பு. கன்மெட்டல் உலோகம், இது பிளாஸ்டிக். சூடு பட்டால் உலோகத்தைவிடப் பல மடங்கு ஊதும். ஈரத்தில் கிடந்தால் தண்ணீரையும் கொஞ்சம் குடித்துக்கொண்டு இன்னும் ஊதும். அதற்கெல்லாம் இடம் விட்டுத்தான் ஷாஃப்ட்டைவிட அரை மில்லிமீட்டர் பெரிதாகத் துளை போட்டேன். அதிலும் அவர் புஷ்ஷை வெறும் கையில் வைத்து ஆட்டியிருக்கிறார். லைனில் அது உட்காருகிற இரும்புக் கூட்டுக்குள் அழுத்தி ஏற்றினாலே துளை பாதி சுருங்கிவிடும். உள்ளே எண்ணெய் எப்படி வந்தது என்று குழந்தை வளர்ந்து கேட்டால் சொல்: நைலானை உருக்கி வார்க்கும்போதே கலந்துவிடுகிறார்கள், ஓட ஓட அது மேலே வந்து ஷாஃப்ட்டுக்கு வழுக்கல் கொடுக்கிறது. ஒரு சொட்டுக் கிரீஸ்கூட யாரும் வைத்துவிடக் கூடாது. வைத்தால் தூசு ஒட்டி ஷாஃப்ட்டை அராவிவிடும்.

இதையெல்லாம் மாப்பிள்ளைக்கு நேராகவே எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். அம்மா வாசற்படியில் வந்து நின்றாள்.

"யாருக்கு எழுதுற?"

சொன்னேன்.

"மாப்பிள்ளை சொன்னது தப்புன்னு எழுதப் போறியா? என் பொண்ணு அந்த வீட்ல நிம்மதியா இருக்கணுமா வேண்டாமா? அவர் கேட்டபடி செஞ்சு குடு. மீறி ஏதாச்சும் எழுதினே, இந்த வீட்ல உனக்குச் சோறு கிடையாது."

எனக்கு நாற்பத்தெட்டு வயதாகிறது. பட்டறையில் ஆறு பேர் என்னை முதலாளி என்கிறார்கள். வீட்டில் சோறு கிடையாது என்கிறாள். உன் அண்ணி அடுப்படியில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறாள்.

சரி, மாப்பிள்ளை கேட்டபடியே கடைந்துவிட்டேன். கூட்டுக்குள் ஏற்றியபிறகு ஷாஃப்ட் கன்மெட்டலில் போவதுபோலவே வழுக்கிக்கொண்டு போகும். பார்க்க அழகாக இருக்கும். என் வயிறு எரிகிறது, அது போகட்டும். அவர் சொன்னது தப்பு என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நீ சாட்சி. இந்தக் கடிதத்தில் இருப்பதையும் அவரிடம் போய் ஒப்பிக்காதே.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்டு எழுது. அந்த ரோலர்கள் பக்கம் சூடு உண்டா? பாட்டிலைப் பச்சைத் தண்ணீரில் கழுவுகிறார்களா, வெந்நீரிலா? பச்சைத் தண்ணீர் என்றால் ஒருவேளை தப்பித்துக்கொள்வோம்.

அண்ணன்

*

ஜூன் 17

அண்ணா,

இன்றைக்கு உன்னைத் திட்டப் போவதில்லை, பயப்படாமல் படி.

நீ அனுப்பிய இறுக்கமான புஷ்களைப் பார்த்து இவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இவரே நின்று ஒவ்வொன்றாக ஏற்றினாராம். ரோலரை விரலால் தொட்டாலே சுற்றுகிறதாம், சத்தமே இல்லையாம். மேனேஜர் எல்லார் முன்னாலும் கை குலுக்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்து, "உங்க அண்ணன் மனசு வெச்சா நல்லாத்தான் பண்றாரு" என்றார். ஒரு வருஷமாக இந்த வீட்டில் "உங்க அண்ணன்" என்ற வார்த்தை பல்லைக் கடிக்காமல் வெளியே வந்தது இதுதான் முதல் தடவை. நான் அடுப்படிக்குள் போய்ச் சிரித்துக்கொண்டேன்.

நீ எழுதியதை நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். இவ்வளவு நன்றாகப் போகும்போது நடுவில் புகுந்து அரை மில்லி, கால் மில்லி என்று நான் ஏன் கெடுக்க வேண்டும்? நீ எதற்கெடுத்தாலும் கொஞ்சம் அதிகமாகவே கவலைப்படுகிற ஆள்.

நீ கேட்டதற்குப் பதில்: இப்போது பச்சைத் தண்ணீர்தான். பாய்லரை வருஷப் பழுதுக்காகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். அதனால் இந்த லைனில் வெறும் பாட்டிலை விட்டு ஓட்டிப் பார்க்கிறார்கள், பால் எல்லாம் அடுத்த லைனில்தான். 27ஆம் தேதி பாய்லர் வந்துவிடுமாம். வந்தால் கொதிக்கக் கொதிக்க வெந்நீர்தான் என்கிறார். தொட்டி பக்கம் போனாலே இவர் கண்ணாடி ஆவியில் மூடிக்கொள்ளுமாம், அந்தத் தண்ணீரில் முட்டையே வேகவைக்கலாமாம்.

குழந்தைக்கு இரண்டு பல் வந்துவிட்டது. கண்டதையும் கடிக்கிறது.

தங்கை

*

ஜூன் 20

வாலு,

முட்டை வேகவைக்கலாமாம்! அதைச் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறாய், கடைசியில், குழந்தையின் பல்லுக்கு முன்னால்!

27ஆம் தேதி அந்த வெந்நீர் வந்த சில மணி நேரத்தில் அத்தனை புஷ்ஷும் ஊதி ஷாஃப்ட்டைக் கவ்விக்கொள்ளும். ரோலர் நிற்கும். பெல்ட் இழுக்கும். அப்புறம் எது பிய்யும், எது உடையும் என்று எனக்குத் தெரியாது. நான் அதிகமாகக் கவலைப்படுகிற ஆள் இல்லை, இந்தப் பிளாஸ்டிக்கைத் தினமும் கையில் பிடிக்கிற ஆள்.

இந்தப் பார்சலில் ஒரு முழு செட் வைத்திருக்கிறேன். எல்லாம் அரை மில்லி விட்டது, நான் முதலில் அனுப்பிய அதே அளவு. பெட்டி மேல் "ஸ்பேர்" என்று எழுதியிருக்கிறேன், மாப்பிள்ளை மனம் கோணாமல் இருக்கட்டும் என்று. 27க்குள் எப்படியாவது இதை மாட்ட வைத்துவிடு. அவர் அளவு தப்பு என்று சொல்லாதே. புது மாடல் என்று சொல். கம்பெனியில் எல்லாரும் இதைத்தான் போடுகிறார்கள் என்று சொல். உனக்கா சொல்லித் தர வேண்டும்? சின்ன வயதில் என் சட்டைப் பையிலிருந்து காசு எடுத்துவிட்டு என்னையே நம்ப வைத்தவள் நீ.

நானே அவருக்குப் போன் பண்ணலாம்தான். அம்மா இப்போதெல்லாம் போன் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுக்கிறாள்.

அண்ணன்

*

ஜூன் 24

அண்ணா,

உன் பேச்சைக் கேட்டு நான் அசிங்கப்பட்டதுதான் மிச்சம்.

புது மாடல் என்று சொல்லிப் பார்த்தேன். பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து ஆட்டினார். "பழைய லொட லொட திரும்பி வந்துடுச்சா? ஓடுற லைனைக் கழட்டிட்டு இதை மாட்டணுமா? உனக்கு என்ன ஆச்சு?" என்று பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

வாயால் சொன்னால் ஏறாது, கண்ணால் காட்டிவிடலாம் என்று நினைத்தேன். அந்தத் துண்டு ஷாஃப்ட் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. இறுக்கமான புஷ்ஷிலும் ஒன்று மிச்சம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இவர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டு நிற்க வைத்தேன். "வெந்நீர் பட்டா இது ஊதும், அப்புறம் ஷாஃப்ட் உள்ள போகாது, பாருங்க" என்று சொல்லி, பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு புஷ்ஷைப் போட்டேன். நன்றாகக் கொதித்ததும் இடுக்கியால் எடுத்து ஷாஃப்ட்டில் மாட்டினேன்.

முன்னைவிட லேசாகப் போயிற்று, அண்ணா! வழுக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கம் தரையில் விழுந்து உருண்டது!

இவர் சிரித்த சிரிப்பில் குழந்தை எழுந்துவிட்டது. "ஊதுது, சரிதான். ஊதினா ஓட்டையும்தான் பெருசாகும். உங்க அண்ணன் சொன்னதை நீயே பொய்யாக்கிட்டியே!" மறுநாள் பேக்டரியில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறார். என் பொண்டாட்டி புஷ் சமைச்சா என்று.

உண்மையைச் சொல்லு. உனக்கு இது நிஜமாகவே தெரியுமா, இல்லை இவர் சொன்ன அளவை ஏற்றுக்கொள்ள மனமில்லாமல் கதை விடுகிறாயா? நானே குழம்பிப் போயிருக்கிறேன்.

தங்கை

*

ஜூன் 26

அடியே,

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. உன் தலையில் இல்லை, என் தலையில்.

யார் உன்னைச் சோதனை செய்யச் சொன்னது? வெறும் புஷ்ஷைப் பாத்திரத்தில் போட்டால் நாலு பக்கமும் தாராளமாக ஊதும், துளையும் சேர்ந்து பெரிதாகும். லைனில் அது வெறுமனேவா கிடக்கிறது? இரும்புக் கூட்டுக்குள் அழுத்தி ஏற்றியிருக்கிறார்கள். வெளியே ஊத இரும்பு விடாது. அப்போது எந்தப் பக்கம் ஊதும்? உள் பக்கம்தான். ஷாஃப்ட்டின் கழுத்தைத்தான் போய்ப் பிடிக்கும். ஒரு இரும்பு வளையத்துக்குள் அதை இறுக்கிவிட்டு வெந்நீரில் போட்டிருந்தால் மாப்பிள்ளை பேப்பரைக் கீழே போட்டிருப்பார்.

நாளைக்கு 27. இந்தக் கடிதம் வருவதற்குள் என்ன ஆகுமோ. மதியமே அம்மாவுக்குத் தெரியாமல் கடைப் போனிலிருந்து உங்கள் வீட்டுக்கு அடித்தேன். மாப்பிள்ளைதான் எடுத்தார். "ஹலோ, யாரு?" என்றார். "அந்த புஷ்ஷைக் கழட்டுங்க" என்பது நாக்கு நுனி வரை வந்தது. "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டேன். என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

அண்ணன்

*

ஜூன் 28

அண்ணா,

நீ 26ஆம் தேதி எழுதியது இன்றைக்குத்தான் கையில் கிடைத்தது. நிதானமாக எழுதியிருக்கிறாய், உள் பக்கம் ஊதும், வெளிப் பக்கம் ஊதும் என்று.

நேற்று காலையில் வெந்நீர் திறந்தார்கள். மேனேஜர், கம்பெனி முதலாளி, அவருடைய மகன் எல்லாரும் பார்க்க வந்திருந்தார்கள். இவர் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு போனார். சாப்பாட்டு நேரம் வரைக்கும் ஓடியது. அதற்குப் பிறகு ஒரு ரோலர் கீச்சிட்டது, பின்னாலேயே அடுத்தது, பிறகு மொத்தமாக நின்றுவிட்டது. பெல்ட் கிழிந்தது. பின்னால் வந்த பாட்டில்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தரையெல்லாம் கண்ணாடி. நல்ல வேளை, யார் காலிலும் படவில்லை. முதலாளியின் மகன் கைதட்டிச் சிரித்தானாம். இவர் அதை மூன்று தடவை என்னிடம் சொன்னார்.

திங்கட்கிழமை பழைய கன்மெட்டல் புஷ்ஷையே மாட்ட ஆள் வருகிறது. "அவங்க மாட்டி முடிக்கட்டும், அப்புறம் நீங்க ஆபீஸ்ல வந்து கணக்கை முடிச்சுக்குங்க" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இவர் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. "உங்க அண்ணன் பழசை மனசுல வெச்சுக்கிட்டு வேணும்னே மட்டமான சரக்கை அனுப்பிட்டான்" என்கிறார். அவர் அப்படிச் சொன்னபோது உனக்காகப் பரிந்து பேச எனக்கு வாய் வரவில்லை. வேண்டுமென்றுதானே அனுப்பினாய்? மட்டமான சரக்கு இல்லைதான். ஓடாது என்று தெரிந்த சரக்கு.

நீ தப்பு என்று ஒரு வரி எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூன்று நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். நான் சமாளித்திருப்பேன். இதைவிடப் பெரியதை எல்லாம் சமாளித்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கு மரியாதை, மாப்பிள்ளைக்கு மரியாதை என்று சொல்லிச் சொல்லி அந்த மனிதரின் வேலைக்கு உலை வைத்துவிட்டீர்கள், நீயும் அம்மாவும். போனை எடுத்தவரிடம் ராங் நம்பராம்!

இனிமேல் என் வழியாக ஒன்றும் அனுப்பாதே. புஷ்ஷும் வேண்டாம், புத்தியும் வேண்டாம். சொல்ல வேண்டியதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல். திங்கட்கிழமை வரைக்கும் நேரம் இருக்கிறது.

தங்கை

*

ஜூலை 3

வாலு,

உங்கள் ஊருக்கு வந்துவிட்டு வீட்டுக்கு வராமல் போனதற்கு முதலில் திட்டி முடித்துக்கொள். முடித்தாயிற்றா? சரி.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. ஞாயிறு ராத்திரி பஸ் ஏறினேன். அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். "மாப்பிள்ளையைத் தலைகுனிய வெச்சுட்டு இந்தப் பக்கம் வந்துடாதே" என்றாள். கூடவே ஒரு துண்டும் பல்பொடியும் எடுத்து வைத்தாள்.

திங்கட்கிழமை காலையில் நேராக பேக்டரிக்குப் போனேன். கன்மெட்டல் மாட்டுகிற ஆட்கள் பைகளோடு வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் அறையில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இளைத்துவிட்டார். மேனேஜர் சிக்கிய புஷ் ஒன்றை மேஜைமேல் வைத்து, "இந்த அளவு யார் குடுத்தது?" என்று கேட்டார்.

வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டுதான் வந்தேன், உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்று. மாப்பிள்ளையின் கழுத்துக்குப் பின்னால் வியர்வை வழிந்தது. அதைப் பார்த்ததும் வாயில் வேறு வந்துவிட்டது. "என் அளவுதான் சார். என் தப்பு. சரியான அளவுல இன்னொரு செட் இருக்கு, இப்பவே மாட்டித் தரேன். ஓடலைன்னா எங்களுக்கு ஒண்ணும் தர வேண்டாம்" என்றேன்.

மாப்பிள்ளையே சைக்கிளில் வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார், நீ பார்த்திருப்பாய். கிழிந்த பெல்ட்டை ஏற்கெனவே மாற்றி வைத்திருந்தார்கள், புஷ்களை மாட்டினோம். ஓட்டியதும் லொட லொட என்று அப்படி ஒரு சத்தம். மேனேஜர் காதைப் பொத்திக்கொண்டார், பீடிக்காரர்கள் சிரித்தார்கள். வெந்நீர் வந்து புஷ் சூடேற ஏறச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. மதியத்துக்கெல்லாம் பாட்டில்கள் உரசுகிற சத்தம் மட்டும்தான். சாயங்காலம் வரைக்கும் நின்று பார்த்தேன். ஒரு ரோலர்கூட முனகவில்லை. கன்மெட்டல் ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு வேலை போகவில்லை, அடுத்த மாதம் நிரந்தரம் செய்கிறேன் என்று மேனேஜர் என் காதுபடவே சொன்னார்.

மாப்பிள்ளை கேட் வரைக்கும் வந்து வழியனுப்பினார். என் தோளில் தட்டி, "தப்பை ஒத்துக்கறதுக்கும் ஒரு மனசு வேணும் மச்சான்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன். அதற்குமேல் உங்கள் வீட்டுக்கு வந்து எதிரே உட்கார்ந்து சாப்பிட்டால் உளறிவிடுவேன் என்றுதான் பஸ் ஏறிவிட்டேன்.

லைன் ஓடுகிறது, வேலை இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது. அம்மா இரண்டு கரண்டி அதிகமாகப் பரிமாறினாள். நீயும் இப்போது சந்தோஷமாக இருக்கிறாய்தானே?

அண்ணன்

*

ஜூலை 9

அண்ணா,

சந்தோஷமா? உனக்குப் புத்தி எங்கே போயிற்று?

உன் முகத்தைப் பார்த்துத் திட்ட முடியவில்லையே என்பதுதான் என் வருத்தம். முகத்தைப் பார்த்துச் சொல் என்று எழுதினேன். நீ முகத்தைப் பார்த்துப் பொய்யைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். அதை இவர் அப்படியே நம்பிவிட்டார்! ஒரு வாரமாக இந்த வீட்டில் உன் புகழ்தான். "உங்க அண்ணன் பெரிய மனுஷன். சபையில தப்பை ஒத்துக்கிட்டாரு பாத்தியா?" என்று காபிக்கு ஒரு தடவை, குளிக்கப் போகும்போது ஒரு தடவை.

அதோடு போயிருந்தால்கூட நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். நேற்று காலையில் மேஜையில் உட்கார்ந்து அடுத்த லைனுக்கு அளவு எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். அதே இறுக்கமான அளவு. கேட்டதற்கு, "நான் குடுத்த அளவு சரிதான், அவர்தான் அதை மாத்தி மட்டமான சரக்குல கடைஞ்சுட்டாரு. அதை அவரே ஒத்துக்கிட்டாருல்ல? இப்ப லொட லொடன்னு மாட்டியிருக்கறதெல்லாம் சும்மா ஒப்பேத்தல். இந்தத் தடவை உசத்தியான நைலான்ல, வேற பட்டறையில குடுத்து டைட்டாப் பண்ணிடலாம்" என்கிறார். மத்தியானம் மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டியது. போட்டிருந்தால் இன்னொரு லைன், இன்னொரு முறை கண்ணாடி. அதற்குப் பிறகு யார் வந்து யார் தப்பு என்று சொன்னாலும் வேலை போனது போனதுதான்.

குழந்தையைக் கீழே விட்டேன். அவர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, சொல்லிவிட்டேன். "அளவு தப்பு. அதைக் குடுத்தது நீங்க. முதமுதல்ல லொட லொடன்னு வந்துச்சே, அதுதான் சரியான அளவு. எங்க அண்ணன் உங்களுக்காகப் பொய் சொல்லிட்டுப் போயிருக்கான்."

குதிப்பார் என்று நினைத்தேன். குதிக்கவில்லை. எழுதிய சீட்டை மடித்தார்.

"உங்க அண்ணனுக்கு இது முதல்லயே தெரியுமா?"

"தெரியும்."

"உங்க அம்மாவுக்கு?"

"தெரியும்."

"உனக்கு?"

நான் தலையைக் குனிந்துகொண்டு தெரியும் என்றேன். எழுந்து போய்க் குழாயடியில் கை கழுவினார். கை சுத்தமாகத்தான் இருந்தது. சாப்பாட்டை எடுத்துக்கொள்ளாமலே கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் வந்தார். நேராக மேனேஜரிடம் போய், அந்த அளவு நான் கொடுத்தது, மச்சான் எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டார் என்று சொல்லியிருக்கிறார். அடுத்த லைனுக்கும் அரை மில்லி விட்டு உன்னிடமே ஆர்டர் வரும். வேலை போகவில்லை. ஆனால் நிரந்தரம் ஆவது ஒரு வருஷம் தள்ளிப்போய்விட்டது. அதை இவர் பஸ் லேட் என்று சொல்வதுபோலச் சொன்னார். எனக்குத்தான் அழுகை வந்தது.

பிறகு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஊட்டினார். ஊட்டிக்கொண்டே என்னைப் பார்க்காமல் பேசினார். கோபமாகப் பேசியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். அவர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டு.

"மேனேஜர் அரை மணி நேரம் கிழிகிழின்னு கிழிச்சாரு. கடைசியில உக்காருங்கன்னு டீ வாங்கிக் குடுத்தாரு. ஏன்னா நான் அங்க வேலை பாக்கற ஆளு, நான் சரியா செய்யணும்னு அவருக்கு வேணும். உங்க வீட்ல ஆறு வருஷமா எனக்குப் பெரிய தட்டு, பெரிய நாற்காலி. நான் கிணத்துல விழப் போறேன்னு தெரிஞ்சுகூட ஒருத்தர் ஒரு சத்தம் போடலையே. என்னை நீங்க யாரும் உங்க ஆளாவே நினைக்கலையா?"

நான் என்ன சொல்வேன், அண்ணா? அவர் கேட்டதற்குப் பதிலை எனக்கு எழுதாதே. அவர் இங்கேதான் இருக்கிறார், நேராக அவருக்குச் சொல்.

தங்கை